தண்ணீர் மோட்டர் பெட்டியும் இரைகிற றேடியோவும்

வன்னியில் இப்போது பல தோட்டக்காணிகளில் ஒரு தானியங்கி மோட்டர் பெட்டி தொங்குகிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும், கிணறு வற்றினால் மோட்டரை எரியவிடாமல் காக்கும். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. மெயினை வேகமாக வெட்டி வெட்டி 5 வோல்ற் தரும் சிறிய எஸ்எம்பிஎஸ், நிரல் ஓடும் சிப்பான ஒரு மைக்ரோகொன்ட்ரோலர், ஒரு ரிலே, அந்த ரிலே இழுக்கும் கொன்டாக்டர் என்ற பெரிய மோட்டர் சுவிச், தொட்டிவரை போகும் 30 அல்லது 40 மீற்றர் மிதவை வயர். அவ்வளவுதான்.

இப்படியான பெட்டி பெரும்பாலும் இரண்டு முறைப்பாடுகளோடு திரும்பி வரும். பெட்டிக்குக் கரண்ட் போட்டதும் பக்கத்து வீட்டு றேடியோ இரைகிறது என்பது ஒன்று. மோட்டர் நிற்கிற கணத்தில் பெட்டி உறைந்துபோகிறது, அல்லது தானே அணைந்து மறுபடி தொடங்குகிறது என்பது மற்றது. வெளியே விடும் இரைச்சலை உமிழ்வு என்றும், வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தாங்குவதைத் தாங்குதிறன் என்றும் சொல்வோம். ஈஎம்சி (மின்காந்த ஒத்திசைவு) சோதனை இந்த இரண்டையும் அளக்கிறது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: பெட்டியில் பூட்டியிருக்கும் வயர்கள்.

போர்க்காலத்தில் இங்கே மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் இது. தூத்துக்குடி வானொலி வரும் 1053 கிலோஹேட்ஸ் என்ற இடம் பலருக்கு முள்ளை வைத்தே தெரியும். அந்த இடத்தை ஒரு மலிவு எஸ்எம்பிஎஸ் மூடிவிடுவது சின்ன விசயமில்லை. உமிழ்வு எல்லைகளை வகுக்கும் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934இல் தொடங்கியதே வானொலியைக் காப்பாற்றத்தான்.

சோதனைக்கூடத்தில் மணிக்கணக்குக்குத்தான் காசு. கிளிநொச்சியிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், முதல் அரை மணிநேரத்தில் தோற்றுத் திரும்பினால் பயணமும் வீண், காசும் வீண். போவதற்கு முன் வேலைத்தள மேசையிலேயே பெரும்பாலான பிழைகளைப் பிடித்துவிடலாம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு மீற்றர் நீள வயரில் 50 மெகாஹேட்சில் வெறும் 5 மைக்ரோஅம்பியர் பொது மின்னோட்டம் ஓடினால், 3 மீற்றர் தூரத்தில் வீட்டுச் சாதனங்களுக்கான கதிர்வீச்சு எல்லை தொட்டுவிடும். அந்த எல்லை 40 டெசிபெல், அதாவது மீற்றருக்கு 100 மைக்ரோவோல்ற். பொது மின்னோட்டம் என்பது லைனிலும் நியூட்ரலிலும் ஒரே திசையில் போய், நிலம் வழியாகவோ பெட்டிக்கும் நிலத்துக்கும் இடையிலான கொள்ளளவு வழியாகவோ திரும்புவது. லைனில் போய் நியூட்ரலால் திரும்பும் வழமையான மின்னோட்டத்தில் ஒன்று மற்றதை அழித்துவிடும். பொது மின்னோட்டத்தை அழிக்க எதுவும் இல்லை, வயர் முழுதும் அன்ரெனாவாகிவிடும். வீட்டு உபகரணங்களுக்கான சிஸ்பர் 14-1 என்ற விதிநூல், 30 முதல் 300 மெகாஹேட்ஸ் வரை மெயின் வயரைச் சுற்றி ஒரு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) கவ்வியை நகர்த்தி அளக்க இடம் தருவதும் இதனால்தான். 40 மீற்றர் மிதவை வயருக்கு 1.9 மெகாஹேட்சுக்கு அருகே கால் அலைநீளம், அதாவது நல்ல அன்ரெனாவின் நீளம், வந்துவிடுகிறது. மத்திய அலைக்குப் பக்கத்து வீடு.

ஆகவே வாங்க வேண்டிய முதல் கருவி ஒரு கவ்வி, அதையும் நீங்களே செய்யலாம். பிரித்துப் பூட்டும் ஃபெரைட் ஒன்றில் மெல்லிய எனாமல் வயரை 10 சுற்றுச் சுற்றுங்கள். இரு முனையையும் கோஅக்சியல் வயரில் பூட்டி, எந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும், 50 ஓம் உள்ளீடு உள்ள ஸ்பெக்ட்ரம் அனலைசருக்குக் கொடுங்கள். 50ஐ 10ஆல் பிரித்தால் 5 ஓம். கவ்விய வயரில் 5 மைக்ரோஅம்பியர் ஓடினால் அனலைசரில் 25 மைக்ரோவோல்ற், அதாவது 28 டெசிபெல்மைக்ரோவோல்ற் (ஒரு மைக்ரோவோல்றோடு ஒப்பிட்ட டெசிபெல்) தெரியும். டைனிஎஸ்ஏ போன்ற பற்றரியில் ஓடும் கையடக்க அனலைசர் இதற்குப் போதும். அது டிபிஎம், அதாவது ஒரு மில்லிவற்றோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவில் காட்டும். 50 ஓமில் அதோடு 107ஐக் கூட்டினால் டெசிபெல்மைக்ரோவோல்ற் வரும். 28 என்பது அங்கே மைனஸ் 79ஆகத் தெரியும்.

கவ்வும்போது லைன், நியூட்ரல், ஏர்த் மூன்றையும் ஒன்றாகக் கவ்வ வேண்டும். பிறகு மோட்டர் வயர், பிறகு மிதவை வயர். மூன்றில் எது அதிகம் காட்டுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். சுவரோரம் ஓடும் வயரில் ஒரு இடத்தில் உச்சமும் அரை மீற்றர் தள்ளிப் பள்ளமும் வரும், அதனால் ஒரு இடத்தில் அளந்துவிட்டு எழும்ப வேண்டாம். கவ்வியை நகர்த்தி உச்சத்தை எழுதுங்கள்.

பெட்டியை அணைத்துவிட்டு ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது கட்டாயம். 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை எஃப்எம் நிலையங்கள் வரிசையாக நிற்கும், கைத்தொலைபேசிக் கோபுரமும் தெரியும். கரண்ட் போகிற நேரம் இந்த வேலைக்குப் பொன்னான நேரம். அப்போதும் நிற்கிற கோடுகள் ஒலிபரப்பு. மறைந்துபோகிற கோடுகள் அயலட்டைச் சாதனங்கள். பட்டணத்துச் சோதனைக்கூடம் சுவருக்கு உறிஞ்சி ஒட்டிப் பெறுகிற அமைதியில் ஒரு பங்கு வன்னிக் கிராமத்தில் சும்மா கிடைக்கிறது. கதிர்வீச்சையே அளந்து பார்க்க விரும்பினால் அறுவடை முடிந்த வயல் நல்லது. 3 மீற்றர் சோதனைக்கு 6 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 5.2 மீற்றர் அகலமும் உள்ள நீள்வட்டத்துக்குள் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. யானைவேலிக் கம்பி பக்கத்தில் ஓடுகிற வயல் சரிவராது. கம்பி தெறிக்கும், வேலிக்கருவியின் துடிப்பும் நிமிடத்துக்குப் பல முறை அளவீட்டில் விழும்.

இனி 150 கிலோஹேட்ஸ் முதல் 30 மெகாஹேட்ஸ் வரை, மெயின் வயரால் வெளியேறும் இரைச்சல். இதற்கு லிசன் என்ற பெட்டி வேண்டும். ஊர் லைன் எப்படி இருந்தாலும் சோதனைப் பொருளுக்கு 50 ஓம், 50 மைக்ரோஹென்றி என்ற மாறாத எதிர்ப்பை அது காட்டும். அது இல்லாமல் எடுத்த அளவை வேறு இடத்து அளவோடு ஒப்பிட முடியாது. 2 மீற்றருக்கு 2 மீற்றர் தட்டையான நாகத்தகடு ஒன்றை நிலத்தில் விரித்து, லிசனை அதில் நேரடியாக இறுக்கிப் பூட்டுங்கள். இரண்டு தகட்டைச் சேர்ப்பதென்றால் மேற்படியும் இடத்தில் பெயின்ற் இருக்கக்கூடாது. பெட்டியை 40 சென்ரிமீற்றர் உயர மர மேசையில், லிசனிலிருந்து 80 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். மிச்ச வயரைச் சுருளாகச் சுற்ற வேண்டாம், அது ஒரு சோக் ஆகிவிடும். 30 முதல் 40 சென்ரிமீற்றர் நீளத்தில் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டுங்கள்.

லிசன் ஆளைக் கொல்லக்கூடியது. உள்ளே லைனுக்கும் ஏர்த்துக்கும் இடையே பெரிய கப்பாசிற்றர்கள் இருக்கின்றன. மொத்தம் 12 மைக்ரோபரட் என்றால் 230 வோல்ற், 50 ஹேட்ஸில் 0.8 அம்பியருக்கு மேல் ஏர்த்துக்குப் பாயும். ஏர்த் வயர் கழன்ற லிசனின் உடலைத் தொட்டால் அந்த மின்னோட்டம் தொட்டவருக்குள்ளால் போகும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் உள்ள வீட்டில் லிசனைப் பூட்டிய உடனே ட்ரிப் விழுவதும் இதனால்தான். ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வயர் இழுப்பது அதற்கு மருந்தல்ல. ஒரு பிரிப்பு மின்மாற்றி போட்டு அதன் பின்னால் லிசனை வையுங்கள். மின்மாற்றி இருக்கிறது, இனி அடிக்காது என்று நினைத்துவிடவும் வேண்டாம். கப்பாசிற்றர்கள் இரு லைனையும் மறுபடி தகட்டோடு கட்டிவிடுகின்றன. ஒழுங்கு இப்படி: முதலில் ஏர்த், பிறகு லிசன், பிறகு பெட்டிக்குக் கரண்ட், கடைசியாக அனலைசர் வயர். நிறுத்தும்போது அனலைசரை முதலில் கழற்றுங்கள். பெட்டியை அணைக்கும் ஒரு துடிப்பு அனலைசரின் முன்வாசலை எரித்துவிடப் போதும். 10 டெசிபெல் குறைக்கும் லிமிற்றர் ஒன்றை இடையில் வைத்தால், வாசித்த அளவோடு அந்த 10ஐயும் கூட்ட வேண்டும்.

அனலைசரின் அலைப்பட்டை அகலத்தை 9 கிலோஹேட்ஸில் வையுங்கள், இல்லையென்றால் 10. 30 மெகாஹேட்ஸுக்கு மேலே 120 கிலோஹேட்ஸ், அல்லது அதற்கு அருகில் உள்ளது. எல்லைகள் குவாசிபீக் அளவுக்கு (அடிக்கடி வரும் இரைச்சலைக் கூட்டியும் அரிதாக வருவதைக் குறைத்தும் காட்டும் அளவு) இப்படி: 150 கிலோஹேட்ஸில் 66 டெசிபெல்மைக்ரோவோல்ற், அங்கிருந்து இறங்கி 500 கிலோஹேட்ஸில் 56, 5 மெகாஹேட்ஸ் வரை அதே 56, பிறகு 30 வரை 60. சராசரி அளவுக்கு 500 கிலோஹேட்ஸிலிருந்து 5 மெகாஹேட்ஸ் வரை 46, அதற்கு மேல் 50. 66 என்பது 2 மில்லிவோல்ற் மட்டும். மலிவு அனலைசர் காட்டும் உச்ச அளவு எப்போதும் குவாசிபீக்கை விடக் குறையாது, சராசரியை விடவும் குறையாது. உச்சமே சராசரி எல்லைக்குக் கீழே இருந்தால் அந்த இடத்தை மறந்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். 1053 கிலோஹேட்ஸில் மைனஸ் 60 டிபிஎம் தெரிகிறது என்று வையுங்கள். 107ஐயும் லிமிற்றரின் 10ஐயும் கூட்டினால் 57. குவாசிபீக் எல்லைக்கே ஒன்று மேல், சராசரிக்கு 11 மேல் இருக்கலாம். இதுதான் பக்கத்து வீட்டு றேடியோவை மூடிய இரைச்சல்.

எஸ்எம்பிஎஸ் சிப்புகள் பல 65 கிலோஹேட்ஸில் ஓடுவதற்கும் இந்த எல்லைக்கும் தொடர்பு இருக்கிறது. இரைச்சல் அந்த 65இன் மடங்குகளில் வரும். இரட்டை 130, எல்லை தொடங்கும் 150க்குக் கீழே தப்பிவிடும். மூன்று மடங்கான 195 தான் முதலில் மாட்டும். அங்கே குவாசிபீக் எல்லை ஏறத்தாழ 63.8. அளவீட்டில் 65, 65 ஆகத் தள்ளித் தள்ளிக் கோடுகள் நின்றால் குற்றவாளி எஸ்எம்பிஎஸ் என்று உறுதியாகச் சொல்லலாம்.

வடிகட்டி போடும் முன் எந்த வகை இரைச்சல் என்று பார்க்க வேண்டும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 1 மைக்ரோபரட் எக்ஸ்2 கப்பாசிற்றர் (மெயினுக்குக் குறுக்கே வைப்பதற்கான வகை) ஒன்றைத் தற்காலிகமாக வையுங்கள். கோடுகள் விழுந்தால் லைனில் போய் நியூட்ரலால் திரும்பும் இரைச்சல். அசையாவிட்டால் பொது இரைச்சல், அதற்குப் பொதுச் சோக்கும் (லைனும் நியூட்ரலும் ஒரே உள்ளகத்தில் சுற்றிய சுருள்) வை கப்பாசிற்றரும் (லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் ஏர்த்துக்குப் போடும் வகை) வேண்டும். 10 மில்லிஹென்றி பொதுச் சோக், 2.2 நனோபரட் வை கப்பாசிற்றர் இரண்டு என்றால் வடிகட்டத் தொடங்கும் திருப்புமுனை 24 கிலோஹேட்ஸ், 195இல் கணக்குப்படி 36 டெசிபெல் குறைய வேண்டும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. குறையாததற்குக் காரணம் பெரும்பாலும் பூட்டிய முறை. வடிகட்டிக்கு உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் ஒரே கட்டில் கட்டினால் இரைச்சல் வடிகட்டியைத் தாண்டிக் குதித்துவிடும். வடிகட்டியின் ஏர்த்தை 10 சென்ரிமீற்றர் பச்சை வயரால் இழுத்தால் அந்த வயரே ஏறத்தாழ 100 நனோஹென்றி, 30 மெகாஹேட்ஸில் 19 ஓம். பெயின்ற் அடித்த தகரப் பெட்டியில் திருகாணியை இறுக்கிவிட்டு ஏர்த் கிடைத்துவிட்டது என்று நம்ப வேண்டாம்; பெயின்றைச் சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டுப் பூட்டுங்கள்.

வை கப்பாசிற்றரை விருப்பத்துக்குப் பெரிதாக்க முடியாது. 4.7 நனோபரட் ஒன்று 0.34 மில்லிஅம்பியரை ஏர்த்துக்கு விடும். ஏர்த் உள்ள, கையில் தூக்கும் சாதனத்துக்கு எல்லை 0.75. ஏர்த் இல்லாத வீட்டில் இதே கப்பாசிற்றர்கள் பெட்டியின் உடலை ஏறத்தாழ 115 வோல்றுக்கு ஏற்றிவிடும். ஈரக் கையால் தொட்டால் விறுவிறுக்கும் என்று சனம் சொல்வது இதைத்தான். ஆவணி, புரட்டாதியில் நிலம் காய்ந்து கிடக்கும்போது ஏர்த் கம்பியின் தடை ஏறிவிடும். மாரியில் நன்றாக இருந்த பெட்டி கோடையில் விறுவிறுப்பது அதனால்.

எக்ஸ் கப்பாசிற்றரில் இன்னொரு கண்ணி இருக்கிறது: அது மின்னைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு செக்கனில் பிளக் முனைகளில் 34 வோல்றுக்கு மேல் நிற்கக்கூடாது. 0.47 மைக்ரோபரட்டுக்குக் குறுக்கே, அதை இறக்க, 1 மெகாஓம் தடையி போட்டால் ஒரு செக்கனில் ஏறத்தாழ 39 வோல்ற் மிச்சம் இருக்கும், தோல்வி. 330 கிலோஓம் இரண்டைத் தொடராகப் போட்டால் 13க்கு இறங்கும். இரண்டாகப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு, ஒரு சிறு தடையி முழு மெயின் அழுத்தத்தையும் தனியே தாங்க வேண்டியதில்லை.

கவ்வி ஃபெரைட்டை மந்திரம்போல் நம்புபவர்கள் பலர். அதன் எதிர்ப்பு 100 மெகாஹேட்ஸில் 150 ஓம் என்று வையுங்கள். வயரின் பொது எதிர்ப்பும் 150 ஓம் என்றால் குறைவது வெறும் 6 டெசிபெல். அதே ஃபெரைட்டுக்குள் வயரை மூன்று முறை நுழைத்தால் கீழ் அலைவரிசையில் எதிர்ப்பு ஒன்பது மடங்காகும். அதற்கு மேலும் சுற்றினால் சுற்றுகளுக்கிடையிலான கொள்ளளவு மேல் அலைவரிசையில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கொன்டாக்டர் விழும்போது வரும் 'டிக்' என்ற ஒலிக்குத் தனிக் கணக்கு உண்டு. சிஸ்பர் 14-1 அதைக் கிளிக் என்கிறது. 200 மில்லிசெக்கனுக்கு மேற்படாத குறுந்தடை நிமிடத்துக்கு 5 முறை என்றால் எல்லை 15.6 டெசிபெல் தளர்கிறது. நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் தளர்வே இல்லை. நாளுக்கு இரண்டு முறை ஓடும் மோட்டருக்கு இது பிரச்சினையில்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் விழும் அலையில் மிதவை ஆடி, கொன்டாக்டர் டக் டக் என்று அடித்தால் நிலைமை மாறும். மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள். நிரலில் குறைந்தது 5 செக்கன் காத்திருப்பு வையுங்கள். றேடியோவும் தப்பும், கொன்டாக்டரின் வாயும் (தொடுமுனையும்) தப்பும்.

தாங்குதிறனுக்கு வருவோம். கொன்டாக்டர் சுருள் அணையும்போது அதில் சேர்ந்திருந்த சக்தி, திறக்கும் ரிலே வாயில் மீண்டும் மீண்டும் பொறியாகப் பாய்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவான ஐஈசியின் 61000-4-4 சோதனை இந்தப் பொறிமழையைத்தான் பின்பற்றுகிறது: 5 நனோசெக்கனில் ஏறி 50 நனோசெக்கனில் விழும் துடிப்புகள், கட்டுக் கட்டாக, வீட்டுச் சாதனத்தின் மெயினுக்கு 1 கிலோவோல்ற், தொழிற்சாலைக்கு 2. இதற்கான கருவி விலை கூடியது. மேசையில் அதற்கு அருகில் போக ஒரு பழைய வழி இருக்கிறது. 230 வோல்ற் கொன்டாக்டர் ஒன்றின் சுருளை அதன் சொந்த மூடிய வாய் (இழுக்காதபோது மூடியிருக்கும் தொடுமுனை) வழியாகப் பூட்டினால் அது நிற்காமல் கிடுகிடுக்கும். அந்தச் சுருளுக்குப் போகும் வயரை உங்கள் மிதவை வயரோடு ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒட்டிக் கட்டுங்கள். மூடிய பெட்டிக்குள், ஃபியூசோடும் ட்ரிப் சுவிச்சோடும் மட்டும் செய்யுங்கள், கை வைக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் உறையாத பெட்டி என்றால் நல்ல அறிகுறி. இந்தச் சோதனையில் விழுகிற பெட்டி சோதனைக்கூடத்திலும் விழும் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தேறியதா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஏ என்றால் அசையாமல் வேலைசெய்வது, பி என்றால் தடுமாறித் தானே சரிவருவது, சி என்றால் ஒருவர் வந்து அழுத்தித்தான் சரிவருவது. இந்தத் துடிப்புக்குப் பொதுவாக பி போதும். ஆனால் மோட்டர் பெட்டியில் தடுமாற்றம் என்றால் என்ன? வற்றிய கிணற்றில் மோட்டர் தானாக ஓடத் தொடங்கினால், பிறகு அது தானே நின்றாலும், அதைத் தேறியது என்று எழுதக்கூடாது.

மருந்து ஊற்றுவாயில் தொடங்க வேண்டும். கொன்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட் எக்ஸ்2 கப்பாசிற்றரும் 100 ஓம், 1 வற் தடையியும் தொடராக. சிலர் இதை ரிலே வாய்க்குக் குறுக்கே வைக்கிறார்கள். அப்போது ரிலே திறந்திருந்தாலும் 7 மில்லிஅம்பியர் சுருளுக்குள் கசிந்துகொண்டிருக்கும்; சின்னக் கொன்டாக்டர் என்றால் முனகும், சிலவேளை விழாமலே பிடித்துக்கொள்ளும். மிதவை உள்ளீட்டில் 1 கிலோஓம் தொடராக, 100 நனோபரட் நிலத்துக்கு, மைக்ரோகொன்ட்ரோலர் காலுக்கு அருகிலேயே. மிதவைக்கு முறுக்கிய சோடி வயர் பாவியுங்கள், மோட்டர் வயரோடு ஒரே குழாயில் போடாதீர்கள். ரீசெற் காலுக்கு 10 கிலோஓமும் 100 நனோபரட்டும். ஏரிமெகா328பி என்றால் தாழ் அழுத்தக் காவலை 4.3 வோல்றுக்கு வையுங்கள். பலர் அதை அணைத்துவிட்டு விற்கிறார்கள்.

அரிசி ஆலை மோட்டர் எடுக்கும்போது விளக்கு மங்குவது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஐஈசி 61000-4-11 அதைத்தான் சோதிக்கிறது: அரைச் சுற்றும் ஒரு சுற்றும் முழு இழப்பு, 25 சுற்றுக்கு அழுத்தம் 70 வீதமாக இறங்குவது. வேரியாக்கில் (அழுத்தத்தை ஏற்றி இறக்கும் மின்மாற்றி) 230இலிருந்து 161 வோல்றுக்கு அரைச் செக்கன் இறக்கிப் பாருங்கள். கொன்டாக்டர் 20 முதல் 75 வீதத்துக்குள் எங்கேயும் விழலாம் என்பதே அதன் விதி, ஆகவே 161இல் ஒன்று நிற்கும், இன்னொன்று விழும். விழுந்தால் உடனே மறுபடி இழுக்கக்கூடாது. கரண்ட் வந்ததும் ஊர் மோட்டர் எல்லாம் ஒரே கணத்தில் எடுத்தால் லைன் மறுபடி விழும். 30 முதல் 90 செக்கனுக்குள், பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் காத்திருப்பு ஒன்று வையுங்கள்.

இடியை மேசையில் சோதிக்க வேண்டாம். 1.2/50 மைக்ரோசெக்கன் அலையைத் தரும் கருவிக்குள் இருக்கும் சக்தி விளையாட்டல்ல, அதைச் சோதனைக்கூடத்துக்கு விடுங்கள். ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் வருகிற இடிக்குப் பெட்டி தயாராக இருக்க வேண்டும். மெயினுக்குக் குறுக்கே 14 மில்லிமீற்றர் வரிஸ்டர் (அழுத்தம் மிஞ்சினால் கடத்தி அதை அடக்கும் பாகம்) ஒன்று, அதற்கு முன்னால் ஃபியூஸ். வரிஸ்டர் செத்தால் குறுக்குச்சுற்றாகும், ஃபியூஸ் பின்னால் இருந்தால் பெட்டி எரியும். நியூட்ரல் கழன்று அழுத்தம் ஏறும் லைன்களில் 275 வோல்ற் வரிஸ்டர் வீணாகச் சாகிறது, 300 வோல்ற் வகை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கைபட்டதும் நிலைமின் பொறி பாயலாம். காஸ் அடுப்பு லைட்டரைப் பெட்டியின் பொத்தான், திருகாணி, மிதவை முனை ஒவ்வொன்றுக்கும் அருகே தட்டிப் பாருங்கள். இது அளவீடு அல்ல, எந்த இடம் நொய்ந்தது என்று மட்டும் காட்டும்.

சோதனைக்கூடத்துக்குப் போகும்போது ஒரே மாதிரியான பெட்டி இரண்டு, உண்மையான 40 மீற்றர் மிதவை வயர், மிதவை, மோட்டரோ அதற்குச் சமமான சுமையோ கொண்டுபோங்கள். மூன்று, நான்கு அளவில் வை கப்பாசிற்றர்கள், பொதுச் சோக்குகள், கவ்வி ஃபெரைட்டுகள், பற்றாசுக்கோல், செப்பு நாடா எல்லாம் பையில் இருக்கட்டும். மேசையில் எடுத்த அளவுகளைத் திகதியோடு அச்சிட்டு வையுங்கள். அங்கே வரும் முதல் அளவை அதோடு ஒப்பிட்டால், உங்கள் லிசனும் கவ்வியும் எத்தனை டெசிபெல் கூட்டிக் குறைத்துக் காட்டுகின்றன என்பது தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தை எழுதி லிசனின் மேலேயே ஒட்டிவிடுங்கள், அடுத்த பெட்டிக்கு அது வேண்டும்.